நீர்புகா கேமரா வாங்கப் போகிறீர்களா, முதலில் கதவைப் பாருங்கள்

என் முதல் நீர்புகா கேமரா முழங்கால் ஆழத் தண்ணீரில் போய்ச் சேர்ந்தது. பெட்டியின் மேல் 15 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அந்த எண்ணை நம்பித்தான் வாங்கியிருந்தேன். ஓடையில் கூழாங்கற்களுக்கு நடுவே நின்ற மீன்குஞ்சுகளைப் படம் எடுக்கலாம் என்று ஒரு முழம் உள்ளே அமிழ்த்தினேன். நான்காவது படத்தில் திரை மங்கியது, ஐந்தாவது படம் வரவே இல்லை. கரையேறி பேட்டரிக் கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் புகாமல் கதவை அடைக்கும் ரப்பர் வளையத்தின் மேல் குறுக்காக ஒரே ஒரு தலைமுடி. முந்தின இரவு கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் மெமரி கார்டை மாற்றினேன், அப்போது விழுந்திருக்க வேண்டும்.

அதனால்தான் வெளியூர்ப் பயணத்துக்கு என்ன கேமரா வாங்கலாம் என்று புதிதாக யார் கேட்டாலும் நான் மெகாபிக்சலில் இருந்து ஆரம்பிப்பதில்லை, கதவில் இருந்து ஆரம்பிக்கிறேன். இந்த வகைக் கேமராவில் உடம்பு, கண்ணாடி, பொத்தான் எல்லாமே தொழிற்சாலையில் அடைத்து அனுப்பப்பட்டவை, நாம் திறந்து மூடுவது ஒன்றிரண்டு கதவுகளை மட்டும்தான், தண்ணீர் உள்ளே போகும் வழியும் பெரும்பாலும் அதுதான். வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும், வாங்கிய பின் என்ன செய்ய வேண்டும் என்பதை நான் தவறு செய்து கற்ற வரிசையில் இல்லாமல், செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

முதல் படி: எங்கே போகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து கடைசியாகப் போன ஐந்தாறு பயணங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் போனையோ கேமராவையோ வெளியே எடுக்கப் பயந்த இடம் எது என்று பக்கத்தில் குறியுங்கள். அருவிச் சாரலா, கயாக் படகா, மணல் காற்றா, பனியா, மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்தில் நீந்தும் ஸ்நார்கெலிங்கா? ஆசைப்படும் பயணங்களை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள், ஏனென்றால் ஆசைக்கு வாங்கிய 30 மீட்டர் கேமரா அலமாரியில் கிடக்கும்போது அதன் ரப்பர் வளையத்துக்கும் வயதாகிக்கொண்டுதான் இருக்கும்.

தாளில் தூறலும் மழையும் மட்டும்தான் இருக்கிறது என்றால் தனிக் கேமரா தேவையில்லை. இப்போது வரும் போன்கள் பலவும் ஐபி68 என்ற தூசி, தண்ணீர் தாங்கும் தரத்தில் இருக்கின்றன (அந்த எண்களின் பொருள் அடுத்த படியில்), மழைக்கு அது போதும். மழை, தூசி தாங்கும் வகையில் அடைப்பு வைத்த பெரிய கேமராக்களும் உண்டு. ஆனால் அவை தூறலைத் தாங்குமே தவிர, தண்ணீருக்குள் முக்கினால் அன்றோடு சரி.

போனைத் தண்ணீருக்குள் கொண்டுபோவது வேறு கதை. தொடுதிரை தண்ணீரையும் விரல் என்றே நினைத்துக்கொள்ளும், நீங்கள் தொடாத இடமெல்லாம் திறக்கும், படம் எடுக்கும் வட்டம் மட்டும் கேட்காது. அதைவிட முக்கியம், நீர்புகா தரம் எழுதியிருக்கும் போன்களிலேயே தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று நிறுவனங்கள் பொதுவாக எழுதி வைத்திருக்கின்றன. வீட்டுக்குத் திரும்பும் வழி, டிக்கெட், பணம், அவசர அழைப்பு எல்லாம் அதற்குள் இருக்கும்போது ஒரு மீன் படத்துக்காக அதைப் பணயம் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

சைக்கிளில் போவது, அலைச்சறுக்கு, நுரை பொங்கி ஓடும் ஆற்றில் படகில் இறங்குவது, இப்படி வீடியோவும் கைகளுக்கு விடுதலையும்தான் வேண்டும் என்றால் ஆக்‌ஷன் கேமரா எடுங்கள். கோப்ரோவின் பிளாக் மாடல்களில் 2016-இல் வந்த ஹீரோ5 பிளாக்கிலிருந்து தனி உறை இல்லாமலே 10 மீட்டர் வரை போகலாம், டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 ப்ரோ 20 மீட்டர். ஆனால் இவற்றில் ஃபிளாஷ் இல்லை, உண்மையான ஜூம் இல்லை, மிக அருகில் ஃபோகஸ் ஆகாது. பாறையில் ஒட்டியிருக்கும் நகத்தளவு நத்தையைப் படம் எடுக்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

நத்தையும் வேண்டும், கூடாரத்துக்கு முன் நண்பர்களும் வேண்டும், தூரத்து மலையும் வேண்டும், பையில் எறிந்து வைத்தாலும் உடையக் கூடாது, இந்த நான்கும் சேர்ந்தால்தான் நீர்புகா காம்பாக்ட் கேமரா. இனி சொல்வது அதைப் பற்றி.

இரண்டாம் படி: பெட்டி மேல் இருக்கும் எண்களைப் படிக்கப் பழகுங்கள்

ஐபி என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள் வரும். முதலாவது தூசிக்கு, 6 என்றால் தூசி நுழையவே நுழையாது. இரண்டாவது தண்ணீருக்கு. அதில் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடினமான நிலை, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே சொல்வார். ஆகவே இரண்டு கேமராக்களில் 8 என்று ஒன்று போலவே இருந்தாலும் ஒன்று 2 மீட்டராகவும் மற்றொன்று 20 மீட்டராகவும் இருக்கலாம், கூடவே வரும் சின்ன எழுத்தைப் படிக்காமல் நகராதீர்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: 5, 6 என்ற இலக்கங்கள் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனை, 7, 8 முழுகுவதற்கான சோதனை. முழுகுவதில் தேறியது பீய்ச்சுவதிலும் தேறும் என்று அர்த்தமில்லை. சேறு அப்பிய கேமராவைக் குழாயை வேகமாகத் திறந்து கழுவக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆழ எண்ணைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். 10 மீட்டர் இறங்கினால் காற்றழுத்தத்துக்கு மேல் இன்னொரு காற்றழுத்தம் சேரும், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய 1 கிலோ பாரம். 4 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் அளவுள்ள கதவு என்றால் அதன் மேல் 12 கிலோ அழுத்துகிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த பாரம் கதவை உள்நோக்கி அழுத்தி வளையத்தை இன்னும் இறுக்கவே செய்கிறது. ஆழம் இல்லாத இடத்தில் அந்த உதவி கிடையாது, வளையத்தின் மேல் முடியோ மணலோ இருந்தால் தண்ணீர் அந்த இடுக்கில் சத்தமில்லாமல் ஏறிவிடும். என் கேமரா 15 மீட்டரில் போகாமல் முழங்கால் தண்ணீரில் போனதற்கு விளக்கம் எனக்கு இப்படித்தான் கிடைத்தது.

அந்த எண் அசையாத தண்ணீருக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு பாறையிலிருந்து குதித்தால் தண்ணீரில் மோதும் நொடியில் விழும் அழுத்தம் நீங்கள் இருக்கும் ஆழத்தோடு நின்றுவிடாது. குதிக்காதே, வெந்நீர் ஊற்றுக்குள் கொண்டுபோகாதே, சோப்புத் தண்ணீர் படவிடாதே என்று கையேடுகளில் இருப்பதெல்லாம் சம்பிரதாயத்துக்கு எழுதியவை இல்லை. ஸ்நார்கெலிங்குக்கும் ஆற்றுக் குளியலுக்கும் 10 முதல் 15 மீட்டர் தாராளம். காற்று உருளையோடு முழுகும் ஸ்கூபா என்றால் பல முழுக்குகள் 15 மீட்டரைத் தாண்டும், அப்போது கேமராவின் சொந்த அடைப்பை மட்டும் நம்பாமல் அதற்கென்று செய்த ஹவுசிங் என்ற கெட்டியான நீர்புகா உறைக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.

விழுந்தால் தாங்கும் உயரம் 1.6, 2.1 மீட்டர் என்றெல்லாம் எழுதியிருக்கும். அந்தச் சோதனை தடித்த ப்ளைவுட் பலகை மேல் நடப்பது, கூரான பாறை மேல் இல்லை. விழுந்த பிறகு கேமரா வேலை செய்யும் என்பதுதான் வாக்குறுதி, தண்ணீரும் புகாது என்பது அதில் சேராது. பலமாக விழுந்த கேமராவை மறுபடி சோதிக்காமல் தண்ணீரில் இறக்க வேண்டாம். 100 கிலோ எடையைத் தாங்கும் என்பதும் அப்படித்தான், பரவலாக விழும் பாரத்துக்குச் சரி, முட்டிக்குக் கீழே ஒரு கல்லோடு சேர்ந்து மாட்டினால் திரை தெறிக்கும். குளிர் பெரும்பாலும் மைனஸ் 10 டிகிரி வரை. கேமரா தாங்கினாலும் பேட்டரி அங்கே வேகமாக இறங்கும், உபரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடல் சூட்டில் வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது, கூடாரத்துக்குள் கொஞ்சம் சூடேறட்டும்.

மூன்றாம் படி: படத்தின் தரம் பற்றி ஆசையைச் சரியான உயரத்தில் வையுங்கள்

இதைச் சொல்லாமல் விட்டால் வாங்கியவர் முதல் வாரமே வருத்தப்படுவார். வெயிலில் கரையில் நின்று எடுக்கும் படத்தில் உங்கள் நல்ல போன் இந்தக் கேமராவைத் தோற்கடிக்கலாம். காரணம் எளிது. இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய சென்சார்தான் இருக்கும், விலை கூடிய போன்களின் முதன்மை சென்சார் பரப்பில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. லென்ஸும் வெளியே நீளாமல் உடம்புக்குள்ளேயே மடிந்து, ஒளி ஒரு பட்டகத்தில் திரும்பி உள்ளே நகரும் கண்ணாடிகள் வழியாகப் போகும்படி அமைத்திருப்பார்கள். நீளும் லென்ஸ் என்றால் அதைச் சுற்றி அடைப்பது பெரும்பாடு, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. விலையாக ஓரங்களில் கூர்மை கொஞ்சம் குறையும்.

ஆகவே மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். இவ்வளவு சின்ன சென்சாரில் 20 மெகாபிக்சல் 12-ஐவிட நல்லது என்று நான் சொல்ல மாட்டேன், மங்கிய ஒளியில் சில சமயம் நேர்மாறாகவும் இருக்கும். அதற்குப் பதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, லென்ஸ் துவாரம். எஃப்2 லென்ஸ் எஃப்3.5 லென்ஸைவிடச் சுமார் 3 மடங்கு ஒளியை உள்ளே விடும். நீருக்கடியிலும் அடர்ந்த காட்டிலும் ஒளிதான் பஞ்சம், அங்கே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு, எவ்வளவு அகலம். லென்ஸின் மில்லிமீட்டர் எண் சிறிதாக இருந்தால் காட்சி அகலமாக விழும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தண்ணீருக்குள் பார்க்கும்போது ஒளி வளைவதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், நிஜத் தூரத்தில் முக்கால் தூரத்தில் இருப்பது போலத் தோன்றும். 25 மில்லிமீட்டர் லென்ஸ் தண்ணீருக்குள் 33 போலவும், 28 லென்ஸ் 37 போலவும் நடந்துகொள்ளும். ஜூம் எவ்வளவு நீளும் என்று கேட்பவர்கள்தான் அதிகம், நான் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று கேட்கச் சொல்வேன்.

மூன்றாவது, ரா கோப்பு, அதாவது சென்சாரில் பதிந்ததைக் கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பழுப்பாகி, 10 மீட்டரில் ஏறக்குறைய காணாமல் போய்விடும், படம் முழுக்க நீலமும் பச்சையுமாக வரும். நீருக்கடி என்று தனி வண்ணச் சமநிலை முறை இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலும் இருக்கும், அது ஓரளவு திருத்தும், ரா கோப்பு இருந்தால் பின்னால் கணினியில் உட்கார்ந்து இன்னும் நன்றாகத் திருத்தலாம். கணினியில் உட்காரும் பழக்கமே இல்லை என்றால் இந்த மூன்றாவதை விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

முடிந்தால் கடையில் கையில் எடுத்துப் பாருங்கள், முடியாவிட்டால் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதலில் கதவு. எத்தனை கதவுகள்? பேட்டரிக்கும் கார்டுக்கும் ஒன்று, சார்ஜ் வயருக்கு ஒன்று என்று இரண்டு இருக்கலாம், ஒன்று கூடினால் கவலையும் ஒன்று கூடுகிறது. பூட்டு ஒரு தள்ளலில் திறந்துகொள்கிறதா, இரண்டு செயல் தேவைப்படுகிறதா? இரண்டு செயல் கேட்கும் பூட்டைத்தான் நான் எடுப்பேன், ஈரக் கையில் தெரியாமல் திறந்துவிடாது. சரியாகப் பூட்டாதபோது சிவப்புக் கோடோ வண்ணமோ வெளியே தெரிகிறதா என்று பாருங்கள், அவசரத்தில் அந்தச் சிவப்புதான் காப்பாற்றும். வளையம் கதவில் இருக்கிறதா, உடம்பில் இருக்கிறதா, விரலால் துடைக்க எட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

அப்புறம் பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு படம் எடுக்கும் பொத்தானையும் வீடியோ பொத்தானையும் வேறுபடுத்த முடிகிறதா? குளிர் நாடுகளுக்குப் போகிறவர் கையுறை போட்டு அழுத்திப் பாருங்கள். திரையை வெயிலில் பார்க்க முடிகிறதா என்பது கடைக்குள் தெரியாது, வாசல் வரை கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிவது பெரிய வசதி. உள்ளேயே பதித்த பேட்டரி என்றால் மூன்றாம் நாள் மலையில் பவர் பேங்கைத் தேடி, கதவைத் திறந்து வைத்துச் சார்ஜ் போட வேண்டியிருக்கும். வழித்தடத்தைப் பதியும் ஜிபிஎஸ் இருந்தால் ஒரு எச்சரிக்கை: சிலவற்றில் கேமராவை அணைத்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், காலையில் பேட்டரி காலியாகக் கிடக்கும்.

ஐந்தாம் படி: மாடல்கள்

இந்தச் சந்தை போன்கள் வந்த பிறகு சுருங்கிவிட்டது, அதனால் தேர்வு ஒரு விதத்தில் எளிது. ஒலிம்பஸ் டஃப் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த வரிசை இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் வருகிறது, 2023-இல் வந்தது டிஜி-7. 15 மீட்டர், 2.1 மீட்டர் விழுந்தால் தாங்கும், 12 மெகாபிக்சல், 25 மில்லிமீட்டரில் எஃப்2-இல் ஆரம்பிக்கும் லென்ஸ், ரா கோப்பு உண்டு, லென்ஸிலிருந்து 1 சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கிப் படம் எடுக்கும். பூச்சி, பாசி, பனித்துளி, நத்தை என்று சின்னவற்றைத் தேடுகிறவர்களுக்கு யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இதற்கு முந்தைய 2019-இன் டிஜி-6-உம் ஏறக்குறைய அதே லென்ஸ், அதே அடைப்பு, சார்ஜ் வயர் மட்டும் பழைய மாதிரி.

ரிகோவின் டபிள்யூஜி வரிசை அடுத்தது. 2019-இல் வந்த டபிள்யூஜி-6 20 மீட்டர் போகும், 20 மெகாபிக்சல், 28-இல் ஆரம்பித்து 140 வரை ஜூம், ஆனால் லென்ஸ் எஃப்3.5. லென்ஸைச் சுற்றி வளையமாகச் சின்ன விளக்குகள் உண்டு, அருகில் எடுக்கும் படத்தில் நிழல் விழாமல் காக்கும் நல்ல யோசனை அது. ஜூம் நீளமும் ஆழமும் முக்கியம் என்றால் இது பொருந்தும்.

நிக்கான் கூல்பிக்ஸ் டபிள்யூ300 30 மீட்டர், பானசோனிக் எஃப்டி7 31 மீட்டர், ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்பி140 25 மீட்டர். இவை 2017 முதல் 2019 வரை வந்தவை, இப்போது பெரும்பாலும் செகண்ட்ஹேண்டில்தான் கண்ணில் படும். எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பழைய நீர்புகா கேமராவை வாங்கும்போது நீங்கள் வாங்குவது பல வருடம் வெயிலும் உப்பும் பார்த்த ரப்பரை. வளையம் மாற்றிய ரசீது இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் அதைத் தூசிக்கும் மழைக்கும் மட்டும் பயன்படும் கேமராவாக நினைத்து விலை பேசுங்கள். கதவுக்குள் திருகாணிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் முன்பே ஒரு முறை தண்ணீர் குடித்தது என்று அர்த்தம், வேண்டாம்.

கதவே இல்லாத கேமரா வேண்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. சீலைஃப் மைக்ரோ 3.0 முழுவதும் நிரந்தரமாக அடைக்கப்பட்டது, படம் சேமிக்கும் நினைவகமும் பேட்டரியும் உள்ளேயே, 60 மீட்டர் வரை போகும். மலையேற்றத்துக்கு அது சரிவராது, நீருக்கடியில் மட்டும் எடுப்பவர்களுக்கானது.

ஆறாம் படி: பயணத்துக்கு முன் வாளிச் சோதனை

புதுக் கேமராவை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வாங்கிய வாரமே, வாரண்டி ரசீது கையில் இருக்கும்போதே, வீட்டில் சோதியுங்கள். பேட்டரியையும் கார்டையும் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு சின்னத் துண்டு டிஷ்யூ பேப்பரை வளையத்தில் படாமல் வையுங்கள். கதவை மூடும் முன் வளையத்தையும் அது உட்காரும் விளிம்பையும் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், முடி, நூல், மணல் மூன்றும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். பூட்டி, சாதாரணத் தண்ணீர் நிரம்பிய வாளியில் மெதுவாக அமிழ்த்தி ஒரு மணி நேரம் விடுங்கள்.

ஆரம்பத்தில் பொத்தான் இடுக்கிலிருந்தும் மைக் துளையிலிருந்தும் சில குமிழிகள் வரும், அது வெளியே ஒட்டியிருந்த காற்று, பயப்பட வேண்டாம். கதவோரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் தொடர்ந்து குமிழி வந்தால் உடனே வெளியே எடுங்கள். ஒரு மணி கழித்து எடுத்து, வெளிப்பக்கம் முழுக்கக் காயும் வரை பொறுத்து, கதவைக் கீழ்நோக்கிப் பிடித்துத் திறங்கள். டிஷ்யூவில் ஈரம் இல்லை என்றால் சரி.

வளையத்துக்குக் கிரீஸ் தடவலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அந்தப் பழக்கம் பழைய முக்குளிப்புக் கேமராக்களிலிருந்து வந்தது. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்டோவுக்காக ஜீன் டி வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ கேமராவை வாங்கி நிக்கான் 1963-இல் நிக்கோனோஸ் என்று வெளியிட்டது, அதன் ஒவ்வொரு இணைப்பிலும் இருந்த வளையத்தைக் கழற்றித் துடைத்து மெல்லக் கிரீஸ் பூசுவது முக்குளிப்பவர்களின் அன்றாட வேலை. இன்றைய காம்பாக்ட் கேமராக்களின் கதவு வளையம் அப்படிக் கழற்றுவதற்கானது இல்லை. கையேடு சொன்னால் தவிர எதையும் தடவாதீர்கள், பசை இருக்கும் இடத்தில் மணல் வந்து ஒட்டும்.

ஏழாம் படி: போன இடத்தில்

கதவைத் திறக்கும் வேலை எல்லாவற்றையும் முந்தின இரவே, காய்ந்த அறையில், கை கழுவித் துடைத்த பின் முடித்துவிடுங்கள். சார்ஜ் முழுதாக, கார்டு காலியாக. கடற்கரையிலும் படகிலும் திறக்கவே வேண்டாம் என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், நான் முடியைப் பார்த்த நாளிலிருந்து இதை மீறியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் கதவைத் திறந்து மூடினால் அந்த ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் லென்ஸ் கண்ணாடியின் உள்பக்கம் பனி படரும். நன்றாக அடைத்த கேமராவில் அது போக நேரம் ஆகும், அதற்குள் மீன்கள் போய்விடும். வெயிலில் காய்ந்து சுட்டுக் கிடந்த கேமராவை அப்படியே குளிர்ந்த நீரில் போடுவதும் இதே பிரச்சினை, கொஞ்ச நேரம் நிழலில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் மிதக்காது. மிதவைப் பட்டி ஒன்று வாங்கி, அதில் எத்தனை கிராம் தாங்கும் என்று எழுதியிருப்பதைக் கேமராவின் எடையோடு ஒப்பிட்டு, வாளியிலேயே மிதக்கவிட்டுப் பாருங்கள். ஆரஞ்சோ மஞ்சளோ எடுங்கள், கறுப்பும் நீலமும் தண்ணீரில் தொலைந்துவிடும். அலையில் நிற்கும்போது பட்டி கழுத்தில் வேண்டாம், மணிக்கட்டில் இறுக்கிக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதற்கு ஒரே விதி, கிட்டப் போங்கள். ஒளி தண்ணீர் வழியே பக்கவாட்டில் வரும் தூரமும் நிறத்தைக் குடிக்கும், ஒரு மீட்டருக்குள் இருப்பதை எடுத்தால் நிறமும் தெளிவும் நிற்கும். ஜூம் செய்து எடுப்பதற்குப் பதில் இரண்டு முறை காலை உதைத்து முன்னால் போங்கள், ஆனால் பவளத்தையும் உயிர்களையும் தொடாமல். கலங்கிய தண்ணீரில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும் துகள்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி, படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகளாக வரும். சூரியன் உச்சியில் இருக்கும் நேரம், முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், ஆழம் குறைந்த இடம், இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த கேமராவும் நல்ல படம் தரும்.

தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் முன் கண்ணாடியைத் துடைக்காமல் எடுக்கும் படங்களில் ஒரு சொட்டு நடுவில் நிற்கும், அதற்கென்று ஒரு மெல்லிய துணி வைத்திருங்கள். வீடியோவில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் மைக் துளையில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், காய்ந்தால் சரியாகிவிடும். அந்தத் துளையில் ஊசியோ குச்சியோ விடாதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய சவ்வு, அதுவும் அடைப்பின் ஒரு பகுதிதான்.

எட்டாம் படி: திரும்பி வந்ததும்

கடலில் இருந்து வந்தால் களைப்பு பார்க்காமல் ஒரு மணி நேரத்துக்குள் இதைச் செய்யுங்கள். கதவைத் திறக்காமலே ஒரு பாத்திரம் நல்ல தண்ணீரில் கேமராவை 10 நிமிடம் ஊறவிடுங்கள், ஊறும்போது பொத்தான்களைப் பல முறை அழுத்துங்கள், இடுக்கில் மாட்டிய உப்பும் மணலும் வெளியே வரும். உப்பு காய்ந்தால் படிகமாகும், அந்தப் படிகம்தான் அடுத்த முறை வளையத்தைக் கீறும். ஆற்றில் நனைந்தாலும், முகத்தில் பூசும் வெயில் களிம்பு பட்டிருந்தாலும் இதேதான். சோப்பு வேண்டாம், பீய்ச்ச வேண்டாம். மென்துணியால் ஒற்றி, மைக் துளை கீழே வரும்படி துண்டின் மேல் நிழலில் வையுங்கள், ஹேர் டிரையர் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

முழுக்கக் காய்ந்த பிறகுதான் கதவு. திறந்ததும் விளிம்பில் ஓரிரு சொட்டு இருப்பது சகஜம், வளையத்துக்கு வெளியே நின்ற தண்ணீர் அது, துடைத்துவிடுங்கள். வளையத்துக்கு உள்பக்கம் ஈரம் இருந்தால் அன்றிலிருந்து அந்தக் கேமராவைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

உண்மையிலேயே தண்ணீர் உள்ளே போய்விட்டால் முதலில் அணையுங்கள், பேட்டரியையும் கார்டையும் எடுங்கள், வேலை செய்கிறதா என்று மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள், அந்த ஒரு முறை போட்டுப் பார்ப்பதில்தான் எஞ்சியிருப்பதும் கருகும். அரிசிக்குள் புதைப்பதால் ஒன்றும் ஆகாது, தூசிதான் சேரும். கார்டு பெரும்பாலும் பிழைத்துவிடும், துடைத்துக் காயவையுங்கள். என் நான்கு மீன் படங்களும் அப்படிக் கிடைத்தவைதான். உப்புத் தண்ணீர் பட்ட பேட்டரியை மட்டும் திரும்பச் சார்ஜ் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வருடத்துக்கு ஒரு முறை அடைப்புகளை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள், கேமரா பார்வைக்குப் புதிதாக இருப்பதால் யாருமே இதைச் செய்வதில்லை. வாங்கிய தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பேட்டரியின் மேல் ஒட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முந்தின இரவு, கார்டு மாற்றக் கதவைத் திறக்கும்போது, வளையத்துக்கு முன்னால் அந்தத் தேதிதான் கண்ணில் படும்.